பேஸ்மென்டில் குடியிருந்த நாகதம்பிரான்

பாம்பு வளர்க்கும் வீட்டுக்குப் போனால் முதலில் பாம்பைப் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள். யார் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், யார் எட்டி நிற்கிறார்கள், யார் வாய் ஓயாமல் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு பெட்டிப் பக்கம் திரும்புங்கள். பாம்புக்கு வருகிற நோய் வருத்தங்களில் முக்கால்வாசி அதன் உடம்பிலிருந்து வருவதில்லை, சுற்றி நிற்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள். தமிழ் வீடுகளுக்குப் போகும்போது படித்தது பாதி தூரம்தான் கூட்டிப்போகும். மிச்சத் தூரத்துக்கு உதவும் என்று இந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்கும் வருமான வரி நிரப்பிக் கொடுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் கடை. பாம்பு, பல்லி, ஆமை எல்லாம் விற்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தவள், முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் விட்டேன். சொந்தக்காரர்களுக்கு நான் ‘பாம்புக்கடைக்காரி’. கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும். கைப்பையையும் கோட்டையும் வைக்க எனக்கு அது நல்ல வசதி.

முதலாளி நியூபவுண்ட்லாந்துக்காரர், விட்பியிலிருந்து தினமும் கார் ஓட்டி வருவார். அளந்து பேசுகிற மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, கன்னத்தைக் கார்பெட்டில் வைத்து, பெட்டிக்குள்ளிருந்து வெளியே பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்ப்பார். எழும்பி வந்து, “அந்த விளக்கை நகர்த்துங்கள்” என்பார், அல்லது “நாயை வேறு அறையில் விடுங்கள்” என்பார். அவ்வளவுதான் வைத்தியம். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அதனால் மில்லிக்கனில் ஒரு வீட்டில் எனக்கு என்ன பெயர் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வருடம், பனி கரைந்து பிளாசா வாசல் சேறாகிக் கிடந்த நேரம், றெஜி கடைக்கு வந்தான். றெஜி மன்னார்ப் பொடியன், வேதக்காரன், பிளாஸ்டிக் பக்டரியில் வேலை. மில்லிக்கனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தான். எங்களிடம் ஒரு போல் பைத்தன் வாங்கியிருந்தான். நீங்கள் தினமும் கையில் தூக்குகிற அதே சாதிதான்: சின்ன மலைப்பாம்பு, விஷம் கிடையாது, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். இந்த உலகத்திலேயே கூச்சம் கூடின பிராணி அது.

“அக்கா, பாம்பு சாப்பிடுதில்லை.”

“எப்ப தொடக்கம்?”

“வீட்டுக்கார அன்ரி கண்ட நாள் தொடக்கம்.”

அதுவரை அவன் பெட்டியைத் துவாயால் மூடி ஒளித்து வைத்திருந்திருக்கிறான். உடுப்புத் தோய்க்கிற மெஷின் பேஸ்மென்டில்தானே இருக்கும். ஒரு நாள் பாக்கியம் அன்ரி உடுப்புக் கூடையோடு கீழே இறங்கி வந்தவர், இதென்ன துவாய் என்று தூக்கிப் பார்த்துவிட்டார்.

“கத்தப் போறா எண்டுதான் நினைச்சனான் அக்கா. இண்டையோட அறையும் போச்சு, பாம்பும் போச்சு எண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறன். பாத்தா, அவ கூடையைக் கீழ வைச்சிட்டுக் கும்பிடுறா.”

நான் சிரித்துவிட்டேன். றெஜி சிரிக்கவில்லை.

பாக்கியம் அன்ரிக்கு ஒரே மகள், பெயர் வதனி, வங்கியில் வேலை. கல்யாணம் முடித்து ரெக்ஸ்டேலில் இருந்தார். வருடங்கள் போயும் பிள்ளை இல்லை. அன்ரி யாழ்ப்பாணத்தில் உள்ள சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்துச் சாதகத்தைக் கேட்டிருக்கிறார். நாகதோஷம், புற்றுக்குப் பால் வார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. மில்லிக்கனில் பனிக்குள் புற்றுக்கு எங்கே போவது? அன்ரி அந்தக் கவலையில் இருந்த நேரத்தில்தான் துவாயைத் தூக்கினார். தேடிப் போக வேண்டிய நாகதம்பிரான் என்ற தெய்வம் தன் வீட்டுக்குக் கீழேயே, அதுவும் வாடகை கட்டிக்கொண்டு, குடியிருக்கிறது! அவர் வேறு என்னதான் நினைத்திருக்க முடியும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் றெஜியின் அறையில் பூசை. வதனி வேலை முடிந்து ரெக்ஸ்டேலிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து பால் வைக்க வேண்டும். கேள்விப்பட்ட சனமெல்லாம் தரிசனத்துக்கு வரத் தொடங்கியது.

“கடைக்குத் திருப்பிக் குடுக்கட்டோ எண்டு கேட்டனான் அக்கா. தம்பிரான் கோவிச்சுக்கொண்டு வீட்டை விட்டுப் போனா மகளுக்குக் கூடாதாம். இஞ்ச இருந்து செத்தா அதைவிடப் பொல்லாததாம். இப்ப அது மெலிஞ்சுகொண்டு வருது. செத்துப் போச்செண்டா அந்தப் பிள்ளையின்ர கதி என்ன எண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

யோசித்துப் பார்த்தேன். பாம்பு செத்தால் அந்த வீட்டில் எல்லாரும் வதனியைத்தான் பார்ப்பார்கள். இனிமேல் அவளுக்குப் பிள்ளை இல்லை என்று வாய் திறந்து சொல்லாமலே முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு பாம்பின் பசியில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொண்டுவந்து கட்டி வைத்திருந்தார்கள்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அந்த அம்மா நல்லவரா?”

“அளவுக்கு மிஞ்சி நல்லவர்.”

“அப்படியானால் கஷ்டம்தான்” என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமையே போனேன். நோயைப் பார்க்க வேண்டுமானால் நோய் வருகிற நேரத்தில்தானே போக வேண்டும். பாக்கியம் அன்ரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், நல்ல குரல், நெற்றி நிறையத் திருநீறு. தேத்தண்ணியும் வடையும் தந்து, “கடையில இருந்து தம்பிரானைப் பாக்க வந்த டொக்டர் பிள்ளை” என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். டொக்டர் இல்லை என்று சொல்ல வாய் திறந்தால் இன்னொரு வடை வந்தது. அன்ரியின் கணவரான அங்கிளுக்குப் பாம்பென்றால் பயம். அவர் படி இறங்கவே மாட்டார். மேலே நின்றபடி அடிக்கடி “எல்லாம் சரியோ?” என்று மட்டும் குரல் கொடுப்பார்.

கீழே இறங்கினால், அம்மாடி, ஒரு சின்னத் திருவிழா. படியால் வருகிற எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று பெட்டியை அறை நடுவில் வைத்திருந்தார்கள். தலைக்கு நேரே குழல் விளக்கு. பாம்பு ஒளிந்துகொள்ள றெஜி வைத்திருந்த சின்னப் பெட்டியைக் காணவில்லை. சாமியை ஒளித்து வைக்கிறதோ என்று அன்ரி எடுத்துவிட்டாராம். கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். முன்னால் வெள்ளிக் கிண்ணத்தில் பால், பக்கத்தில் சாம்பிராணி, கற்பூரம். கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அடிக்கக்கூடாதென்று அதற்குப் பொலித்தீன் பை கட்டியிருந்தது. சுவரில் இருந்த றெஜியின் மாதா படத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் ஒரு பூமாலை. பின்னால் உடுப்புக் காயவைக்கும் மெஷின் தட தடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் பாம்பு. இறுக்கிச் சுருண்டு, தலை உள்ளே. ஒருக்கால் தலையைத் தூக்கியபோது பார்த்தேன், வெளியே போக வழி தேடிக் கண்ணாடியில் உரசி உரசி மூக்கு நுனி தோலுரிந்திருந்தது.

“படம் எடுக்குமோ?” என்று ஒரு அம்மா கேட்டார்.

“இல்லை அன்ரி, இது வெக்கப்படுற சாதி” என்றேன்.

பிறகு வழக்கம்போலத் தரையில் படுத்து, கன்னத்தைக் கார்பெட்டில் வைத்துப் பார்த்தேன். பாக்கியம் அன்ரியின் குரல் தழுதழுத்துக் கேட்டது.

“பாத்தியளே, கடைக்காரப் பிள்ளையும் விழுந்து கும்பிடுது.”

அவ்வளவுதான், எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு அம்மாமார் பொத்துப் பொத்தென்று விழுந்து கும்பிட்டார்கள். அன்றோடு அந்த வட்டாரத்தில் நான் பெரிய பக்தை. இன்றைக்கும் சிலர் அப்படித்தான் நம்புகிறார்கள், நானும் மறுத்ததில்லை.

தரையிலிருந்து பார்த்தபோது தெரிந்தது இதுதான்: நாலு பக்கமும் கால்கள், சேலைக் கரைகள், ஆடுகிற நெருப்பு, திடீர் திடீரென்று கண்ணாடிக்குக் கிட்ட இறங்கி வருகிற பெரிய பெரிய முகங்கள். தரை அந்த மெஷினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்க ஒரு மூலை இல்லை. அந்த இடத்தில் என்னை வைத்திருந்தால் எனக்கும் சோறு இறங்கியிருக்காது.

எழும்பும்போதுதான் வதனியைக் கண்டேன். கடைசிப் படியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கி வருகிற ஒவ்வொருவரும் அவர் தாடையைத் தொட்டு, “என்ன வதனி, ஏதும் விசேசமோ?” என்று கேட்டுவிட்டுத்தான் பாம்பிடம் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்தார். நான் வந்தது பாம்புக்காக, அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

பாக்கியம் அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, மறைக்காமல் சொல்லு. தம்பிரானுக்கு என்னோட கோவமோ? நான் என்ன குறை விட்டனான்?”

இப்போது உங்களைக் கேட்கிறேன், நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது: பூசைதான் நோய், நீங்கள்தான் காரணம். நூறு வீதம் சரியான பதில். அதைக் கேட்டிருந்தால் அந்த மனுசி தன் மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கே படுத்திருப்பார். சொல்லாமல் விட்டால் பாம்பு சாகும். படியில் இன்னொரு கூட்டம் செருப்பைக் கழற்றுகிற சத்தம் வேறு கேட்டது. யோசிக்க நேரமில்லை. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே கேட்போம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

“அன்ரி, கோயில்ல மூலஸ்தானம் ஏன் இருட்டாக் கிடக்கு?”

“அது அப்பிடித்தானே பிள்ளை. சாமி இருக்கிற இடம் சின்னனா, இருட்டா, குளிர்ச்சியாத்தான் இருக்கும்.”

“நாங்கள் உள்ளுக்குப் போகலாமோ?”

“சிவ சிவா! ஐயரைத் தவிர ஒருத்தரும் போகேலாது.”

“எல்லா நேரமும் சாமியைப் பாக்கலாமோ?”

“எப்பிடிப் பாக்கிறது? பூசைக்குத்தானே திரை திறப்பினம். மிச்ச நேரம் திரை போட்டு...”

அவர் பாதியில் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார். பிறகு நாலு பக்கமும் நிற்கிற சனத்தை, முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஐயோ” என்றார். “நடு ரோட்டில எல்லோ இருத்தி வைச்சிருக்கிறம்!”

பாக்கியம் அன்ரி திரும்பினார், படியில் இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார். “எல்லாரும் மேல போங்கோ. தம்பிரானுக்கு மூலஸ்தானம் கட்டப் போறம்.” அந்தக் குரலுக்குக் கூட்டம் திரும்பிப் படியேறியது.

பிறகு நடந்த வேலை உங்களுக்குத் தெரிந்த வேலைதான். பெட்டியை மெஷினிலிருந்து தூரமாக, றெஜியின் அறை மூலைக்குக் கொண்டுபோனோம். மூன்று பக்கத்தையும் உள்ளே தெரியாமல் அடைத்தோம். ஒளிய இரண்டு இடம், ஒன்று சூடான பக்கத்தில், ஒன்று குளிர்ந்த பக்கத்தில். கதகதப்பாக இருப்பதா, பத்திரமாக இருப்பதா என்று பாம்பு ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதை எடுக்கிற நிலைமை வரக்கூடாது. அதற்கு அன்ரி மேலே போய், பாவிக்காமல் வைத்திருந்த இரண்டு மண்சட்டிகளைக் கொண்டுவந்தார். விளிம்பில் ஒரு துண்டை உடைத்து வாசலாக்கிக் கவிழ்த்தோம்.

“தம்பிரானுக்கு இவ்வளவு சின்ன இடமோ பிள்ளை? பெருசா ஒண்டு வைப்பமே.”

“நாலு பக்கமும் உடம்பில முட்டினாத்தான் அன்ரி அதுக்கு நிம்மதி.”

“என்ர அறை மாதிரி” என்றான் றெஜி. அன்ரி அவனை முறைத்தார்.

முன்பக்கத்துக்குத் திரை வேண்டும். பழைய பருத்தித் துணி ஏதும் போதும் என்றேன். கட்டாத பச்சைப் பட்டுச் சேலை ஒன்று வந்தது. விளக்கும் சாம்பிராணியும் பாலும் மேலே சாமியறைக்குப் போயின. அங்கே வைத்துக் கும்பிட்ட பாலில்தான் பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி. இந்த ஒழுங்கு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அன்ரி கேட்டார்:

“கீழ பால் வைக்கக்கூடாதெண்டா, பேந்து தம்பிரான் என்னத்தைச் சாப்பிடுறது?”

றெஜி கூரையைப் பார்த்தான். அன்ரியுடைய பெரிய ப்ரீசருக்குள், ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில், அந்தப் பதில் ஏற்கெனவே உறைந்து கிடந்தது என்று அன்ரிக்குத் தெரியாது.

“எலி, அன்ரி” என்றேன்.

மேலே இருந்து “எல்லாம் சரியோ?” என்று குரல் வந்தது.

அன்ரி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “சிவன்ர கழுத்தில பாம்பு. பிள்ளையாருக்கு எலி வாகனம். முருகன்ர மயில் பாம்பைக் காலுக்க வைச்சிருக்கு. அவையள் ஒரு வீட்டுக்க எப்பிடியோ சமாளிக்கினம். அது அவையின்ர குடும்ப விசயம், நாங்கள் தலையிடக் கூடாது.” கொஞ்சம் விட்டு, “ஆனா வெள்ளிக்கிழமையில வேண்டாம்” என்றார். புதன்கிழமை என்று முடிவானது.

இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான கட்டம் பெட்டி கட்டுவதல்ல, கட்டி முடித்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பது. முதல் புதன்கிழமை றெஜி இரையை வைத்தான். விடிந்து பார்த்தால் வைத்தபடியே கிடந்தது. கடைத் தொலைபேசியில் அன்ரி அழுதார். றெஜி ஒரு பக்கம், “வாயைத் திறந்து தீத்தி விடுவம் அக்கா, வேற கடையில அப்பிடித்தான் செய்யினமாம்” என்று நின்றான். செத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்போதுதான் மறைவுக்குள் போய் மூச்சு விடுகிற ஒரு உயிரைப் பிடித்து இழுத்து வாயைப் பிளந்தால், கட்டிய மூலஸ்தானத்தால் என்ன பயன்? கடைசி வழியாக வைத்தியர் செய்யலாம், நாங்கள் அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. வேண்டாம் என்றேன். தொடவேண்டாம், திரையைத் தூக்கவேண்டாம், அடுத்த புதன்வரை கேட்கவும் வேண்டாம்.

“எட்டியும் பாக்கக்கூடாதோ பிள்ளை?”

“எட்டியும் பாக்கக்கூடாது அன்ரி.”

“நான் படியில நிண்டு மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கட்டோ?”

“படியிலயும் நிக்கவேண்டாம்.”

அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு தண்ணி சரியாக இறங்கவில்லை. முதலாளியும், தொலைபேசி அடித்த ஒவ்வொரு முறையும் செய்த வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த புதன் போய் வியாழன் காலை. கடை திறந்து கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி மணி அடித்தது.

“அக்கா, எலியைக் காணேல்லை!” றெஜியின் குரல் கீச்சிட்டது. “சட்டிக்குள்ள வயிறு வீங்கிப் படுத்திருக்கிறார்!”

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார், ஏதோ கடித்துவிட்டது என்று. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அந்தத் தொழிலில் நான் பட்ட சந்தோசங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வராமல் இருக்க விடவில்லை அன்ரி. வீடு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் வாசம். மேலே வரவேற்பறையில் பழைய கூட்டம் அத்தனையும் இருந்தது. கீழே போகிற கதவு பூட்டு. அதன் முன்னால் நாற்காலி போட்டுப் பாக்கியம் அன்ரி.

“ஒருக்கால் பாத்திட்டு வாறம் பாக்கியம்” என்று ஒரு அம்மா கெஞ்சினார்.

“ஏலாது. எந்த நேரமும் போய் முகத்தைப் பாத்து, சாப்பிட்டாச்சோ சாப்பிட்டாச்சோ எண்டு நிண்டா ஆருக்குத்தான் தொண்டையால இறங்கும்? அதுக்கும் ஒரு கூச்சம் இருக்கெல்லோ. ஒதுங்கியிருக்க ஒரு இடம் வேணும், நிம்மதியா விடவேணும். நடக்கிறது அதன்ர நேரத்துக்கு நடக்கும். நாங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறதாலதான் நடக்காமல் போகுது.”

மூலையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற வதனி சிரிக்கத் தொடங்கினார். படியில் உட்கார்ந்து சிரித்த அந்தச் சிரிப்பில்லை இது. தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்து, பிறகு பார்த்தால் கண்ணால் தண்ணி ஓடுகிறது. தட்டை மேசையில் வைத்தார்.

“அம்மா, பாம்புக்குத் திரை போட்டிட்டீங்கள். எனக்கு எப்ப போடப் போறியள்?”

பொங்கல் வாயில் வைத்தவர்கள் மெல்லக்கூட இல்லை. எனக்கு அன்று படிக்கட்டில் கண்டது எல்லாம் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பேஸ்மென்டில் கண்ணாடிக்குள் இருந்தது பாம்பு மட்டும் இல்லை.

தான் இப்போதுதான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பாக்கியம் அன்ரி மனதுக்குள் திரும்பக் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. எழும்பி மகளிடம் போனார். தன் சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, அப்படியே தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மகள் தாயைவிட உயரம், குனிய வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி. பிந்தி வந்த ஒரு அம்மா, நடந்தது எதுவும் தெரியாமல், கையை நீட்டிக்கொண்டு நேரே வதனியிடம் வந்தார்.

“என்ன வதனி, ஏதும்...”

“அவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கக்கூடாது.” கீழே கூட்டத்தை மேலே அனுப்பிய அதே குரல். “இண்டைக்கும் இல்லை, இனிமேலும் இல்லை. இரும், பொங்கல் சாப்பிடும்.”

அந்த அம்மா விழுந்தடித்து உட்கார்ந்தார். உள்ளறையில் இருந்து அங்கிள் “எல்லாம் சரியோ?” என்றார். “ஓம் அப்பா, இப்பத்தான் சரி” என்றார் வதனி. அதற்குப் பிறகு அந்த வரவேற்பறையில் எழுந்த சிரிப்பை நான் என்னவென்று சொல்ல! கேள்வி கேட்ட அம்மாவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும், கேட்டவர்கள் “பிறகு வதனிக்குப் பிள்ளை பிறந்ததா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். உங்களுக்கும் இப்போது கேட்க வாய் துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். எனக்குப் பதிலும் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன். பேசாமல் இருந்து பொங்கலைச் சாப்பிடுங்கள்.